உருக்குக் கோது ரவை: கொழும்பிலிருந்து சுடுபயிற்சிக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே அறியவேண்டியவை

2019 ஜனவரியில் பத்து நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு ஹூஸ்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். கொழும்பில் ஒரு வருடத்தில் சுடக் கிடைப்பதைவிட அதிகமான ரவைகளை அங்கே ஒரு வாரத்தில் சுட்டுப் பழகலாம் என்பதுதான் நோக்கம். முதல் இரண்டு நாள் ஒரு பத்திரம் இல்லாததால் வீணாகின. அடுத்த இரண்டு நாள், மலிவு என்று வாங்கிய உருக்குக் கோது ரவைகளால், அதாவது பித்தளைக்குப் பதிலாக உருக்கு உறையில் வரும் ரவைகளால் வீணாகின. 2023இல் மறுபடி போனபோது எதுவும் தடைப்படவில்லை. இரண்டு பயணங்களுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

இது அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும், கழகங்களில் புதிதாகச் சேர்ந்து வெளிநாட்டில் பயிற்சிக்கோ போட்டிக்கோ போக நினைப்பவர்களுக்கும் உரியது. இலங்கையில் ரவை தெரிவுசெய்யும் வாய்ப்பு நமக்கு அதிகம் இல்லை, கொடுப்பதை வாங்குகிறோம். அமெரிக்காவில் ஒரு கடைக்குள் போனால் ஒரே அளவில் இருபது வகை அடுக்கியிருக்கும். புதிதாகப் போகிறவரின் கண் நேரே விலைச்சீட்டுக்குத்தான் போகும். என் கண்ணும் அங்கேதான் போனது.

1. பத்திரங்கள்: பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு

முதலில் வீட்டுக் கணக்கு. இங்கே துப்பாக்கி அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் டிசெம்பர் 31உடன் முடிகிறது. புதுப்பித்தல் வழமையாக ஒக்டோபர் முதல் டிசெம்பர்வரை நடக்கும். டிசெம்பர் விடுமுறையில் பறந்துவிட்டு ஜனவரியில் திரும்பி வருபவர், பத்திரம் இல்லாத துப்பாக்கியின் சொந்தக்காரராகத் திரும்பி வருகிறார். ஆகவே புதுப்பித்துவிட்டுப் புறப்படுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் துப்பாக்கி யார் பொறுப்பில் இருக்கலாம் என்பதைப் பத்திரம் வழங்கிய அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அலுமாரிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போவது ஏற்பாடு ஆகாது.

அடுத்து அமெரிக்கச் சட்டம். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். குடியேற்றம் சாராத விசாவில், அதாவது நம்மில் பெரும்பாலோர் எடுக்கும் சுற்றுலா விசாவில் நுழைந்தவர் துப்பாக்கியோ ரவையோ கையில் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922ஆம் பிரிவு தடைசெய்கிறது. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து அங்கேயே சுடுவதும் இதற்குள் அடங்கும். விசா இல்லாமல் நுழையும் ஐரோப்பியருக்கு இந்தத் தடை இல்லை என்பதால், "என் நண்பன் லண்டனிலிருந்து போய்ச் சுட்டானே" என்ற கதையை நம்பி நீங்கள் போகக்கூடாது.

சட்டமே விதிவிலக்குகளையும் தருகிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை அனுமதிப்பத்திரம் ஒன்று கையில் இருந்தால் போதும். வேட்டைக்கோ போட்டிக்கோ என்று முறைப்படி அனுமதிக்கப்பட்டு நுழைந்தவருக்கும் விலக்கு உண்டு. டெக்சஸில் வெளியூரவருக்கான ஐந்து நாள் வேட்டைப் பத்திரத்துக்கு நான் 48 டொலர் கட்டினேன். தொடர்ச்சியான ஐந்து நாட்களுக்கே அது செல்லும். எந்த நாளில் தொடங்க வேண்டும் என்று வாங்கும்போதே சொல்ல வேண்டும். இறங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டால் பயணக் களைப்பிலேயே இரண்டு நாள் கரைந்துவிடும்.

இது தெரியாமல் நான் ஒரு சுடுதளத்துக்குப் போய், படிவத்தில் விசா பற்றிய கேள்விக்கு உண்மையைப் பூர்த்திசெய்து, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டேன். அவர்கள் செய்தது சரி. அந்தக் கேள்விக்கு யாராவது "பொய் சொல்லிவிடு, யார் பார்க்கிறார்கள்" என்று ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது கூட்டாட்சிக் குற்றம், அதன் பிறகு உங்களுக்கு விசா என்பதே இருக்காது.

சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோவதென்றால் அமெரிக்காவின் 6என்ஐஏ படிவத்தில் முன் அனுமதி, இங்கே பாதுகாப்பு அமைச்சின் எழுத்துமூல அனுமதி, விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் மூன்றும் தேவை. முதல் பயணத்துக்கு இது வேண்டாம். ரவை கொண்டுபோக நேர்ந்தால், விமானப் போக்குவரத்து விதிப்படி ஒருவருக்கு மொத்தம் 5 கிலோகிராம்தான். பதிவுசெய்த பயணப்பொதியில் மட்டும். இருவரின் அளவை ஒரே பொதியில் சேர்க்கக்கூடாது. 9 மி.மீ. ரவை ஏறத்தாழ 12 கிராம் எடை. பொதியுறையையும் கணக்கில் எடுத்தால் 5 கிலோவில் நானூறுக்குமேல் அடங்காது.

2. எந்த "உருக்கு" என்று பிரித்தறியுங்கள்

கடையில் "உருக்கு" என்ற ஒரே சொல் வெவ்வேறு பொருட்களுக்கு வருகிறது. குழப்பிக்கொண்டால் பணம் மட்டுமல்ல, துப்பாக்கியும் போகலாம்.

உருக்குக் கோது என்பது வெடிமருந்தை அடைத்திருக்கும் உறை. பித்தளைக்குப் பதிலாக மென்மையான உருக்கு. துருப்பிடிக்காமல் அரக்கு, பொலிமர், துத்தநாகம், செம்பு இவற்றில் ஒன்றைப் பூசியிருப்பார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

உருக்கு மேலுறை வேறு. பறந்துபோகும் சன்னத்தின் மேலுறையைச் செம்பு பூசிய உருக்கால் செய்திருப்பது. மலிவான உருக்குக் கோது ரவைகள் பலவற்றில் இதுவும் சேர்ந்தே வரும். குழலைத் தேய்ப்பது இதுதான். பல உள்ளகச் சுடுதளங்கள் தடைசெய்வதும் இதைத்தான். தீப்பொறி பறக்கும், பின்சுவர்த் தகடு கெடும். வாசலில் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். நீங்களும் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருங்கள். கோதில் ஒரு முறை, சன்னத்தின் நுனியில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். நுனியில் ஒட்டினால் அது மேலுறையா, உள்ளே உருக்கு மையமா என்று காந்தம் சொல்லாது. இரண்டையுமே அந்தத் தளம் மறுக்கும்.

உருக்குச் சிதறுகுண்டு 12 போர் (12 bore) வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவுக்குள் ஈயக் குண்டுகளுக்குப் பதிலாக இருப்பது. வாயை இறுக்கிச் செய்த பழைய குழல்களில் இதைச் சுடவே கூடாது. அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்த இரட்டைக்குழல் வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசியுங்கள்.

3. உங்கள் கையில் இருக்கப்போகும் துப்பாக்கியைத் தெரிந்துகொள்ளுங்கள்

"உருக்குக் கோது நல்லதா?" என்று கேட்டால் பதில் கிடையாது. எந்தத் துப்பாக்கியில் என்று கேட்க வேண்டும்.

சுடும்போது அழுத்தத்தால் கோது விரிந்து ரவை அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சுருங்கிச் சுவரை விடுகிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இந்த இரண்டையும் அழகாகச் செய்யும். உருக்கு அவ்வளவு நன்றாக அடைக்காது. இடைவெளியால் கரி பின்னால் கசிந்து அறைச் சுவரில் படியும். சுருங்குவதும் குறைவு. ஆகவே ஒவ்வொரு வெடியிலும் அறை அழுக்காகிக்கொண்டே போகும், கோதை இழுப்பதும் கடினமாகிக்கொண்டே போகும்.

இது எந்த அளவுக்குத் தொல்லை தரும் என்பதைக் கோதின் வடிவம் தீர்மானிக்கிறது. நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டு, கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் கழன்று விழும், ஏனென்றால் அது கூம்பு. மூங்கில் குழலில் அவித்தது கடைசி அங்குலம்வரை சுவரோடு உரசிக்கொண்டுதான் வெளியே வரும். ஏ.கே. வகையின் 7.62×39 ரவை நீத்துப்பெட்டி வடிவம். கொஞ்சம் பின்னால் இழுபட்டதுமே சுவரைவிட்டு விலகிவிடும். அறை தளர்வானது, கோதின் விளிம்பைக் கவ்வும் கொக்கி பெரியது, இயங்கும் பாகங்களுக்கு வேகம் அதிகம். அந்த ஆயுதமே உருக்குக் கோதுக்காக வடிவமைக்கப்பட்டது. எஸ்.கே.எஸ். துப்பாக்கியும் அப்படியே. இவற்றில் மலிவு ரவையைத் தயங்காமல் சுடுங்கள்.

அமெரிக்காவில் பரவலான ஏ.ஆர்.15 வகை ரைபிளின் .223, 5.56 ரவைகள் குழல்பிட்டு. கூம்பு மிகக் குறைவு, கொக்கி சிறியது. தரமான, சரியாகப் பராமரித்த துப்பாக்கி உருக்கை நூற்றுக்கணக்கில் விழுங்கிவிடும். இறுக்கமான அறை கொண்டது விழுங்காது. மலிவு ரவைகளில் மருந்தும் சில வேளை மென்மையாகவே இருக்கும். வாயுத் துளை (பாகங்களை இயக்கக் குழலிலிருந்து வாயுவை எடுக்கும் துளை) சிறிதான துப்பாக்கிகளில் பாகங்கள் முழுத்தூரம் பின்னால் போகாமல் அரைகுறையாக நின்றுவிடும்.

2013இல் லக்கி கன்னர் என்ற அமெரிக்க ரவை விற்பனை நிறுவனம் ஒரே வகையான நான்கு ஏ.ஆர்.15களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை ரவை என்று ஒதுக்கி, 10,000 வீதம் சுட்டுப் பார்த்தது. பித்தளைக் கோது ஒரு தடவையும் நிற்கவில்லை. உருக்குக் கோது ரவைகளில் ஒன்று 9 தடவை, இன்னொன்று 15 தடவை நின்றது. மூன்றாவது வகை சோதனையை முடிக்கவே இல்லை. உருக்கு வகைகளைச் சுட்ட குழல்கள் 10,000 முடிவதற்குள்ளேயே தேய்ந்துபோயின; அதற்குக் காரணம் கோது அல்ல, சன்னத்தின் உருக்கு மேலுறை. பத்தாயிரத்தில் ஒன்பதோ பதினைந்தோ பயிற்சிக்குப் பெரிய குறை அல்ல என்பது என் எண்ணம். ஆனால் ரவையின் பெயருக்குப் பெயர் வேறுபாடு இவ்வளவு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

9 மி.மீ. கைத்துப்பாக்கிகளில், பொலிஸார் வைத்திருப்பது போன்ற சாதாரணப் பணித்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சிக்கல் போட்டித் துப்பாக்கியில் இருக்கிறது. விசையை இலகுவாக்குவதற்காகச் சுத்தியலை இயக்கும் சுருள்வில்லை மென்மையாக்கியிருப்பார்கள். மலிவு ரவைகளின் பிரைமர், அதாவது அடி பட்டதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, கடினமானது. அடி விழும், தழும்பு தெரியும், வெடிக்காது. அத்தான் ஆசையாகத் தன் போட்டித் துப்பாக்கியை எனக்குத் தந்தார். நான் ஆசையாக ஆயிரம் மலிவு ரவையை வாங்கிக்கொண்டு போனேன். முதல் ஐம்பதில் ஏழு வெடிக்கவில்லை. "தம்பி, துப்பாக்கியிலும் பிழை இல்லை, ரவையிலும் பிழை இல்லை. இரண்டையும் சேர்த்ததுதான் பிழை" என்றார். அதே பெட்டியை அவருடைய பழைய பணித்துப்பாக்கியில் போட்டபோது ஒன்றுவிடாமல் வெடித்தது.

சுழல் துப்பாக்கிக்கு உருக்கு வேண்டாம். ஆறு கோதுகளையும் ஒரே தள்ளில் வெளியேற்ற வேண்டும். ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒட்டினாலும் ஆறும் சேர்ந்து அசையாது. தூரத் துல்லியத்துக்காக ஒவ்வொரு ரவையாகப் போட்டுச் சுடும் ரைபிளிலும் அர்த்தமில்லை, அங்கே நீங்கள் தேடுவது மலிவு அல்ல.

12 போர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சாதாரண மக்களிடம் இருப்பது அதிகமும் அதுதான். பித்தளைபோல மினுங்கும் தோட்டா அடிப்பகுதி பல மலிவு வகைகளில் பித்தளை பூசிய உருக்கு. காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும். இரட்டைக்குழலில் இது ஒட்டினாலும் கையால் இழுத்துவிடலாம். பம்ப் வகையில் அறைச் சுவர் சொரசொரப்பாக இருந்தால் கைப்பிடியைப் பின்னால் இழுக்கவே முடியாமல் இறுகிவிடும்.

4. பணக் கணக்கைக் கடையில் அல்ல, வீட்டில் போடுங்கள்

2019இல் .223 ரவையில் பித்தளை ஒன்று ஏறத்தாழ 30 சதம், உருக்கு 20 சதம். ஆயிரத்துக்கு 100 டொலர் மிச்சம். 9 மி.மீ.யில் மிச்சம் அதில் பாதிகூட இல்லை. மலிவு உருக்கு ரவையில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வந்தது. 2021 செப்டெம்பர் 7 முதல் அமெரிக்கா அதற்குப் புதிய இறக்குமதி அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. 2023இல் நான் பார்த்தபோது அலுமாரியில் உருக்கு குறைவாகவே இருந்தது, விலை வித்தியாசமும் சுருங்கியிருந்தது.

பழைய வலைப்பதிவுகளின் விலையை நம்பிப் போகாதீர்கள். ஒரு வாரத்தில் ஐநூறு ரவை சுடப்போகிறவருக்கு மிச்சமாவது ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டின் விலை. அதற்காக ஒரு நாள் பயிற்சியைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தினமும் ஏ.கே. வகை சுடப்போகிறவருக்குக் கணக்கு வேறு. அங்கே உருக்கு வாங்குவதே புத்தி.

இன்னொன்று: துப்பாக்கி உங்களுடையது அல்ல. தேயப்போவது இன்னொருவரின் குழல். சொந்தக்காரரிடம் கேட்காமல் உருக்கு வாங்காதீர்கள். வாடகைத் துப்பாக்கி என்றால் பல தளங்கள் தாங்கள் விற்கும் ரவையை மட்டுமே அனுமதிக்கும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். உருக்குக் கோதை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவதும் நடைமுறையில் இல்லை. பித்தளைக் கோதைச் சேர்த்துவைத்து நிரப்பும் நண்பர் இருந்தால் அவருக்கு அது ஒரு கைம்மாறு.

5. ஒரு பெட்டி வாங்கிச் சோதியுங்கள்

ஆயிரம் வாங்காதீர்கள். ஐம்பது வாங்குங்கள். பெட்டியின் தொகுதி எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். முதல் நாளே, துப்பாக்கியைச் சுத்தமாக்கிவிட்டு, அந்த ஐம்பதையும் ஒரே அமர்வில் சுடுங்கள். ஒவ்வொரு தடங்கலுக்கும் மூன்றை எழுதுங்கள்: எத்தனையாவது ரவை, எந்த ரவைக்கூடு (மகசின்), என்ன நடந்தது.

வெடிக்காமல் போய் இரண்டாம் அடியில் வெடித்தால் பிரைமரும் வில்லும் பொருந்தவில்லை. கோது பாதி வெளியே வந்து சிக்கினால் மருந்தின் வேகம் போதவில்லை. முப்பது நாற்பதுக்குப் பிறகே இறுகத் தொடங்கினால் அது கரி. தடங்கல் எல்லாம் ஒரே ரவைக்கூட்டில் என்றால் ரவையைக் குறைசொல்லாதீர்கள், கூட்டை மாற்றுங்கள். ஐம்பதும் தடையின்றிப் போனால் அதே தொகுதி எண்ணில் இருநூறு வாங்குங்கள். பயிற்சிக்கு இருநூறில் ஒன்று நின்றால் ஏற்கலாம். போட்டிக்கு ஒன்றும் நிற்கக்கூடாது.

உருக்கையும் பித்தளையையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். உருக்கால் வீணான இரண்டு நாளில் இரண்டாவது போனது இதனால்தான். .223இல் எண்பது உருக்கு சுட்டுவிட்டு, சூடு ஆறாமலே பித்தளைக்கு மாறினேன். உருக்கு விட்டுச்சென்ற கரிப்படலத்துக்குள் பித்தளை நன்றாக விரிந்து, கல்லில் அடித்த ஆப்புபோல உட்கார்ந்துவிட்டது. அரக்குப் பூச்சு உருகி ஒட்டுகிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் இந்தக் கரி. இரண்டையும் சுட்டே ஆக வேண்டுமென்றால் பித்தளையை முதலில் முடியுங்கள், அல்லது நடுவில் அறையைத் தூரிகையால் சுத்தமாக்குங்கள்.

6. நின்றுவிட்டால்

குழல் வாய் இலக்கின் பக்கமே இருக்கட்டும். விரல் விசைக்கு வெளியே. அடி விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் முப்பது விநாடி அப்படியே பிடித்திருங்கள். தாமதமாக வெடிப்பது உண்டு. பிறகுதான் ரவைக்கூட்டைக் கழற்றுங்கள்.

கோது இறுகிவிட்டால் கையை உயர்த்திச் சுடுதள அலுவலரைக் கூப்பிடுங்கள். புதியவர் தானே தட்டிக் கழற்ற முயலக்கூடாது. அங்கே யாரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

வழமையைவிட மெல்லிய "புஸ்" சத்தம் கேட்டால், உதை குறைவாக இருந்தால், அடுத்த ரவையைச் சுடவே சுடாதீர்கள். சன்னம் குழலுக்குள் நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்று போனால் குழல் வெடிக்கும்.

7. சுத்தம், அதிலும் நம் கடற்காற்றில்

சுட்ட அன்றே சுத்தமாக்குங்கள். அறைத் தூரிகை தனியாக விற்கிறது. குழல் தூரிகை அறையின் சுவரைத் தொடாது. பழைய படைக் கையிருப்பு ரவைகள் சிலவற்றில் அரிக்கும் பிரைமர் இருக்கும். அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைட்டு உப்பு குழலில் படியும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே முதலில் வெந்நீர், பிறகு நன்றாக உலர்த்தல், கடைசியில் எண்ணெய். எண்ணெயை மட்டும் பூசி வைத்தால் அடியில் உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இங்கே வீட்டில் 12 போர்த் தோட்டா வைத்திருப்பவர்களுக்கு: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமுள்ள எங்கள் வீட்டில் புதிய கதவுக் கீல் ஒரு மழைக்காலத்தில் துருவேறிவிடும். பூச்சுக் கீறிய உருக்கு அடித் தோட்டாவும் அப்படியே. அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு பூட்டி வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால் நீலம் இளஞ்சிவப்பானதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். துரு குழியாக இறங்கிய தோட்டாவைச் சுடாதீர்கள். துரு வராமலிருக்க ரவைக்கு எண்ணெய் பூசவும் கூடாது. பிரைமர் செத்துப்போகும், எண்ணெய் பட்ட கோது சுவரைப் பிடிக்காமல் பின்பகுதியை அதிக விசையோடு மோதும்.

8. திரும்பும் நாளில் பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

சுடுதளத்துக்கு ஒரு பை, விமானத்துக்கு ஒரு பை. இரண்டும் ஒன்றாக இருக்கவே கூடாது. ஒரு ரவை காற்சட்டைப் பையில், தொப்பிக்குள், காலுறைக்குள் இருந்துவிடும். கட்டுநாயக்கவில் ஊடுகதிர் இயந்திரத்தில் அது தெரிந்தால் "மறந்துவிட்டேன்" என்பதை யாரும் அங்கேயே ஏற்றுக்கொண்டு விடமாட்டார்கள். பொலிஸ், வாக்குமூலம், நீதிமன்றம் என்று போகும். அதிலும் பெயரைப் பார்த்ததும் நம்மிடம் இன்னும் சில கேள்விகள் கேட்பார்கள். வெற்றுக் கோதை நினைவுப்பொருளாகக்கூடக் கொண்டுவராதீர்கள்.

புறப்படுவதற்கு முந்திய மாலையில் எல்லா உடுப்பையும் துவைக்கப் போடுங்கள். போடும்போதே ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துவிடுங்கள். மிஞ்சிய ரவைகளை எண்ணி, கொப்பியில் எழுதி, சொந்தக்காரரிடம் ஒப்படையுங்கள். 2023இல் அக்கா தன் கையாலேயே என் சப்பாத்துக்குள் விரலைவிட்டுப் பார்த்தார். ஒரு 9 மி.மீ. கோது வந்து விழுந்தது.